அளத்துக்காரர்கள் கேட்ட நாவல்

சென்ற ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் ஊர்ச் சமுதாய நலக்கூடத்தில் ஒரு நாவலாசிரியர் பேசினார். பேசினார் என்பதைவிடப் படித்துக் காட்டினார் என்று சொல்வதே பொருந்தும். இன்னும் அச்சுக்குப் போகாத தம் நாவலின் மூன்று அத்தியாயங்களைக் கைப்பிரதியிலிருந்து படித்து, அந்த நாவலில் வரும் வாழ்க்கையை நாள்தோறும் வாழ்ந்துகொண்டிருக்கிறவர்களிடமே பிழை கேட்டார். ஒரு தமிழாசிரியையாக நான் எத்தனையோ நூல் வெளியீட்டு விழாக்களிலும் விமர்சனக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அன்று மாலை நடந்ததைப் போல் ஒன்றை இதற்கு முன் கண்டதில்லை. மறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைக்குளத்துக்கும் வேப்பலோடைக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் இருக்கிறது. கிழக்கே திரும்பினால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம்தான். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பின் பெரும்பகுதி விளைவது எங்கள் மாவட்டத்தில். ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது அளத்துக்குப் போனவரோ போகிறவரோ இருப்பார். என் அம்மாவும் முப்பது ஆண்டுகள் தலையில் பெட்டி சுமந்தவர்தான்.

நாவலாசிரியரும் இதே ஊரில், அளத்துக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு முடித்து வெளியூரில் வேலைக்குப் போய், இப்போது ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். இதற்கு முன் எழுதிய இரண்டு நாவல்களும் வேறு ஊர்களில் நடப்பவை. சொந்த ஊரை எழுதத் துணிந்தது இதுவே முதல் முறை. அச்சாகி வரும்வரை தம் பெயரையும் நாவலின் பெயரையும் எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இரண்டையும் இங்கே தவிர்க்கிறேன்.

கூட்டத்தை ஏற்பாடு செய்தது ஊர் இளைஞர்கள் நடத்தும் வாசகர் வட்டம். மாலை ஆறு மணிக்கு வைக்கலாம் என்று முதலில் எண்ணியிருந்தார்கள். அளத்து வேலை விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் வெண்மைக் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. அதற்கு எழ வேண்டியவர்கள் எட்டு மணிக்கே படுத்துவிடுவார்கள் என்பதால், கூட்டத்தை நான்கு மணிக்கு மாற்றினோம். பதினைந்து இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். நாற்காலிகள் இருந்தும், வயதான பெண்கள் பலர் சுவரோரமாகப் பாயை விரித்துத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர் பேசத் தொடங்கியபோது, முதலில் எடுத்தது தம் நாவலைப் பற்றியதல்ல. எங்கள் பகுதி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதி 1979இல் வெளிவந்த ‘கரிப்பு மணிகள்’ நாவலைப் பற்றிச் சொன்னார். திருச்சிப் பக்கம் முசிறியில் பிறந்த அவருக்கு உப்பளம் முற்றிலும் அந்நியம். அதனால் அவர் இங்கே வந்து, தொழிலாளர்களைச் சந்தித்து, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். “நானோ இங்கேயே பிறந்தவன் என்பதால் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்றே நினைத்து எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் பயம் வந்தது” என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே அவர் மீது எனக்கு மதிப்பு வந்துவிட்டது. மண்ணின் மைந்தர் எழுதியது என்பதையே ஒரு நூலின் தகுதிச் சான்றாக நாம் இப்போதெல்லாம் எளிதாக வழங்கிவிடுகிறோம். பதினெட்டு வயதில் ஊரை விட்டுப் போனவரின் நினைவில் இருக்கும் ஊரும், நேற்று விடியற்காலை பாத்தியில் இறங்கியவரின் கையில் இருக்கும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியை ஒப்புக்கொண்டு, அதைப் பலர் முன்னிலையில் அளந்து பார்க்க முன்வந்த எழுத்தாளரை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் படித்த அத்தியாயம் பருவத் தொடக்கத்தைப் பற்றியது. மழைக்காலம் முடிந்து, தை மாதத்தில் பாத்திகளைச் சீர்செய்யும் காட்சி. அதில் ஒரு பள்ளி ஆசிரியர் பாத்திரம், அகநானூற்றில் உப்பை ‘உழாது செய்த’ விளைச்சல் என்று புலவர் பாடியிருப்பதைப் பெருமையோடு நினைத்துப் பார்க்கிறது. அது அம்மூவனார் பாட்டில் வரும் தொடர். நெய்தல் நிலத்து உப்பை, ஏர் பூட்டாமலே விளைந்த பயிராகக் கண்ட அழகான பார்வை அது. நான் பல ஆண்டுகளாக வகுப்பில் மிகுந்த ஈடுபாட்டோடு விளக்கி வந்திருக்கிற இடம் என்பதால், அவர் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். அறுபது ஆண்டுகள் அளத்தில் இருந்தவர். உழவில்லை என்பது சரிதான், ஆனால் மிதி எங்கே என்று கேட்டார். மழையில் குழைந்து கிடக்கும் பாத்தியின் தரையை, தண்ணீரை வடித்துவிட்டு, வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்பில் சேறு ஏறும்; நிறம் மங்கிப்போன உப்புக்கு விலை கிடைக்காது. அந்த மிதிக்கு நாள்கணக்காகும். “மாடு இழுக்கதை நாங்க காலால செய்தோம். அதைச் சொல்லாம உழவில்லைன்னு மட்டும் சொன்னா, உப்பு தானா விளையுதுன்னுல்ல நினைப்பாங்க” என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அம்மாவின் காலை நான் பார்த்திருக்கிறேன். தை, மாசி மாதங்களில் விரலிடுக்குகளில் வெடிப்பும் புண்ணுமாக, இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய், அதே பாட்டை எத்தனை வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். ஒரு முறைகூட அந்தக் காலையும் இந்தத் தொடரையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. நாவலாசிரியர் எழுதிக்கொண்டார். நானும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு திருத்தமும் வந்தது. உப்பு விளையும் பக்குவத்தை, கதாநாயகனின் தந்தை ஒரு துளி நீரை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வதாக எழுதியிருந்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, அன்பான சிரிப்புதான். எந்தத் தண்ணீரை வைத்தாலும் கரிக்கத்தானே செய்யும், நாக்குக்கு என்ன வித்தியாசம் தெரியும் என்று ஒருவர் கேட்டார். நீரின் உப்படர்த்தியை டிகிரியில் சொல்வார்கள்; கடல்நீர் ஏறத்தாழ மூன்று டிகிரியில் இருக்கும். அதைத் தெப்பத்தில் தேக்கி, வெயிலும் காற்றும் வற்றச் செய்து, இருபத்து நான்கு, இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்தால் பாத்தியில் உப்பு இறங்கத் தொடங்கும். முப்பதை நெருங்கும்போது மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கசப்புச் சேர்ந்துவிடும். இப்போது அதைப் பார்ப்பதற்குக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அது கைக்கு வராத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று நாவலாசிரியர் கேட்டார். காற்று அடங்கிய விடியற்காலையில் பாத்தி நீரின் மேல், பாலில் ஆடை படிவதுபோல், மெல்லிய உப்பு ஏடு மிதக்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார் அந்தப் பெரியவர். நாவலில் இருந்த நாக்கைவிட அந்த ஏடு எவ்வளவு அழகான செய்தி! கற்பனையால் எட்ட முடியாத ஒன்றை, அவர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவதாகப் படித்த பகுதி, நாவலாசிரியர் மிகவும் பாடுபட்டு எழுதியது என்பது கேட்டதுமே தெரிந்தது. கதாநாயகி பத்தொன்பது வயதுப் பெண். வாருபலகையால் ஆண்கள் வாரிக் குவித்த உப்பைப் பெட்டியில் அள்ளி, வரப்பு வழியே நடந்து, தட்டுமேட்டில் அம்பாரமாகக் கொட்டுவது அவள் வேலை. காலை ஒன்பது மணி வெயிலில், பத்துப் பன்னிரண்டு நடைகளுக்குப் பிறகு, வரப்பில் வைத்திருந்த குடத்தை இரு கைகளாலும் தூக்கி, கழுத்தெல்லாம் வழிய வழியத் தண்ணீர் குடிக்கிறாள். அந்தக் காட்சியை இரண்டு பக்கங்களுக்கு எழுதியிருந்தார். உப்புக்கு நடுவே நன்னீர், வெண்மைக்கு நடுவே ஈரம் மின்னும் கறுத்த கழுத்து என்று, உரைநடையாகவே இருந்தாலும் செய்யுளின் ஓட்டம் கொண்ட பகுதி. படித்து முடித்ததும் இளைஞர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்திருக்காமலே கேட்டார்: “எய்யா, அந்தப் பிள்ளை மூணு மணிக்கு அளத்துக்கு வாராளே, பத்து பதினோரு மணி வரைக்கும் எங்கய்யா ஒதுங்குதா?”

நாவலாசிரியர் பதில் சொல்லவில்லை. கூட்டம் அமைதியாகிவிட்டது. பாட்டி தொடர்ந்தார். அளத்தில் ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான வெளி. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. முந்தின நாள் இரவோடு நிறுத்திவிடுவார்கள். தாகம் தாங்காவிட்டால் வாயை நனைத்துத் துப்புவார்கள். “குடத்துல தண்ணி இருக்கும்யா. ஆம்பளையாளு குடிப்பாங்க. நாங்க குடிக்க மாட்டோம். நீ எழுதுனது நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளை குடிச்சிருக்க மாட்டா.”

அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் சிறுநீரகக் கல்லுக்காகத் தூத்துக்குடிக்கு அலைந்ததைச் சொன்னார். மாதவிலக்கு நாட்களைப் பற்றி ஒருவர் சொன்னதை, ஆண்களும் நிறைந்த அந்தக் கூடத்தில் அவர் சொன்ன துணிவுக்காகவே நான் மறக்க மாட்டேன். ஏறக்குறைய இருபது நிமிடங்கள் நாவல் ஒரு பக்கமாக நின்றுவிட்டது; அவர்களே பேசினார்கள். அதை நெறிப்படுத்த வேண்டும் என்று வாசகர் வட்டத்துத் தம்பி ஒருவர் எழுந்தபோது, நாவலாசிரியர் கையமர்த்தி உட்காரச் சொன்னார்.

பிறகு அவர் சொன்னதை இயன்றவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அவருடைய அம்மாவும் பெட்டி சுமந்தவர். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். அந்தக் காட்சிதான் சிறு வயதிலிருந்து அவர் மனத்தில் தங்கியிருந்தது. அதையே தூக்கிக்கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டார். வீட்டில் அப்படிக் குடிக்கிறவர், அளத்தில் குடிக்காமல் இருந்ததனால்தான் அப்படிக் குடிக்கிறார் என்று ஐம்பது ஆண்டுகளாகத் தமக்குத் தோன்றவே இல்லை என்றார். குரல் தழுதழுத்தது. சிறிது நேரம் கைப்பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்த நூல் பிழையற ஆராய்ந்து காட்டப்பட்டது என்று பனம்பாரனார் சொல்கிறார். அரங்கேற்றம் என்பதை இன்று நாம் நாட்டியத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நூலுக்கு வெளியீட்டு விழா நடத்துகிறோம். அங்கே புத்தகம் ஏற்கெனவே அச்சாகி, வண்ணத்தாளில் சுற்றப்பட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிறது. பழைய முறையில் நூல் அவையின் கேள்விகளைக் கடந்துதான் வெளியே வர வேண்டியிருந்தது. அந்த அவையில் புலவர்கள் இருந்தார்கள். எங்கள் நலக்கூடத்தில் இருந்தவர்களில் பலருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. ஆனால் உப்பளம் என்ற பொருளில் அவர்களைவிடப் பெரிய ஆசான்களை எங்கே தேடுவது?

கேட்ட திருத்தங்கள் எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துவிட வேண்டாம். கதாநாயகியின் தந்தை, சம்பள நாளில் பாதிக் கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு வருகிறவர். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எழுந்து, வெளியூர்க்காரர்கள் படித்தால் நம் ஊர் ஆண்கள் எல்லாருமே இப்படித்தான் என்று நினைப்பார்கள், அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கோபமாக அல்ல, உண்மையிலேயே மனம் நொந்துதான் கேட்டார். நாவலாசிரியர் மிகுந்த பணிவோடு மறுத்துவிட்டார். மிதியும் குடமும் தெரியாமல் செய்த பிழைகள், அவற்றைத் திருத்துவது கடமை. இது தெரிந்தே எழுதியது, தம் வீட்டிலேயே கண்டது, இதை எடுத்தால் அம்மா பட்ட பாட்டில் பாதியை எடுத்ததாகிவிடும் என்றார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு பெண், “அது இருக்கட்டும் சார், எடுக்காதீங்க” என்றார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடம் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஊராரிடம் படித்துக் காட்டுவது என்றால் ஊராரின் விருப்பத்துக்கு எழுதுவது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஊர் கூடி ஒரு எழுத்தாளரின் பேனாவைப் பிடுங்கிய நிகழ்வுகளை நம் காலத்திலேயே பார்த்திருக்கிறோம். எங்கள் கூடத்தில் நடந்தது வேறு. வேலையைப் பற்றிய உண்மையில் தொழிலாளியின் சொல்லே முடிவு. மனிதரைப் பற்றிய தீர்ப்பில் எழுத்தாளரின் மனச்சான்றே முடிவு. இந்த எல்லையை எவரும் வகுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் அன்று மாலை இரு தரப்பும் அதைப் புரிந்துகொண்டே பேசினார்கள்.

மூன்றாவது அத்தியாயம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழையைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகம். சேமித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. நாவலில் அம்பாரம் மழையில் உச்சியிலிருந்து சிறிது சிறிதாகக் கரைந்து மறைவதாக எழுதியிருந்தார். தார்ப்பாய் போட்டு மூடியிருந்த அம்பாரத்துக்கு மேலிருந்து வந்த மழை பெரிய சேதம் செய்யவில்லை, ஓடிவந்த வெள்ளம் அடியை அறுத்தது, மேலே வீடுபோல அப்படியே நின்றுகொண்டிருந்தது திடீரென்று உட்கார்ந்துவிட்டது என்று அதை நேரில் பார்த்த ஒரு இளைஞர் சொன்னார். நேரமாகிவிட்டதால் இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் பேச முடியவில்லை. மழைக்காலத்தில் வேலையில்லாமல் முன்பணம் வாங்கிக் கடனாளியாகும் பகுதியில், 2022 முதல் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தையும் சேர்க்க வேண்டும், நாவலில் அது இல்லை என்று ஒரு பெண் நினைவூட்டினார். அதையும் குறித்துக்கொண்டார்.

ஆறே முக்கால் மணிக்குக் கூட்டம் முடிந்தது. பொன்னாடை, நினைவுப்பரிசு எதுவும் இல்லை. சுக்குக் காப்பியும் சேவும் கொடுத்தோம். நாவலாசிரியர் நேராகப் பாயருகே போய், அந்தப் பாட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வேறு யாரும் கேட்காத குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். இப்போது எழுபத்தாறு வயது; முழங்கால் வலியால் கூட்டத்துக்கு வர முடியவில்லை. அளத்தில் தண்ணீர் குடிப்பீர்களா அம்மா என்றதும், இதென்ன திடீரென்று ஒரு கேள்வி என்பதுபோல் பார்த்தார். “வீட்டுக்கு வந்துதான்” என்றார். அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் அதே வீட்டில் இருந்திருக்கிறேன். கேட்பதற்கு எனக்கு ஒரு நாவல் தேவைப்பட்டிருக்கிறது.

போன வாரம் நாவலாசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். குடக் காட்சியின் இரண்டு பக்கங்களையும் முழுவதுமாக அடித்துவிட்டாராம். மிதிக்கும் காட்சிக்குத் தனி அத்தியாயமே எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்காகப் பெரியவரின் வீட்டுக்கு மூன்று முறை போய்வந்திருக்கிறார். இன்னும் பதினான்கு அத்தியாயங்கள் படிக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் மழை தொடங்கி அளத்தில் வேலை நின்ற பிறகு, ஞாயிறுதோறும் இரண்டிரண்டாகப் படிக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கூடத்தின் மேற்கூரை ஒழுகும் இடத்தை அதற்குள் சரிசெய்துவிடுவதாக இளைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி, பாயைக் கொஞ்சம் முன்னால் போடச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காது சற்று மந்தமாம்.